அகப்பையால் வெட்டிய குழி

வட்டுக்கோட்டையில் என்னிடம் அதிகம் ஏச்சு வாங்கியவர் யார் என்று கேட்டால், செத்துப்போன என் மனுசன்கூட இரண்டாம் இடந்தான். முதலிடம் சுவாலைக்கு.

என் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தான். நாற்பது வயது. எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன். சத்தத்தைவிட வேகமாகப் பறக்கிற எஞ்சினுக்குள் நெருப்பை அணையாமல் வைத்திருப்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. அதனால் ஊர் வைத்த பெயர் சுவாலை.

வந்த முதல் வெள்ளிக்கிழமையே, சாமி விளக்குக்கு முன்னால் என் மேசை ஃபானைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னடா செய்யிறாய்?”

“எந்தக் காத்து வேகத்திலை விளக்கு அணைஞ்சு நூருது எண்டு பாக்கிறன் அம்மா.”

“உன்னை நூக்கிறன் பார்!”

அடுத்த கிழமை, ஊசி போடுகிற சிரிஞ்சில் மண்ணெண்ணெய் நிரப்பி, காற்றில் ஆடிய என் அடுப்பு நெருப்புக்குப் பீய்ச்சினான்.

“காத்துப் போற பக்கம் விட்டா எண்ணெய் கலக்காமல் ஓடிப்போயிடும். குறுக்கை அடிக்கவேணும் அம்மா.”

நன்றாகத்தான் கலந்தது. கொடியில் காய்ந்த என் சேலையில் பாதி போனது. அவனுடைய புருவம் முழுதும் போனது.

இதையெல்லாம் பொறுத்தேன். சந்நிதி முருகன் கோயிலில் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

கண் ஓபரேசன் நல்லபடி முடிந்தால் முருகனுக்குப் பொங்குவதாக நேர்ந்திருந்தேன். கண் தெளிந்தது. தொண்டைமானாற்றுக்கு, சந்நிதிக்குப் போனேன். பானை தூக்க அவனும் வந்தான். ஆற்றுப் பக்கமிருந்து வாடைக்காற்று அள்ளிக்கொண்டு வந்தது. மூட்டுகிறேன், நூர்கிறது. நான்கு தரம். சுற்றிப் பொங்குகிற பெண்டுகள் எல்லாம் பார்க்கிறார்கள். நேர்த்தி அடுப்பு எரியாவிட்டால் கொடுத்த கண்ணை முருகன் திருப்பி வாங்கிவிடுவானோ என்று எனக்குப் பயம். வெளியில் காட்டுவேனா?

திரும்பிப் பார்த்தால், நேர்த்திக்கென்று வாங்கிய புது அகப்பையால் சுவாலை மண்ணைக் கிண்டுகிறான்!

“அறுவானே, அது முருகன்ரை அகப்பையடா!”

“ஏசுங்கோ அம்மா, கொஞ்சம் தள்ளி நிண்டு ஏசுங்கோ. எஞ்சினுக்குள்ளையும் இப்பிடித்தான், சுவரிலை ஒரு பள்ளம். புயல் மேலாலை போகும். பள்ளத்துக்குள்ளை காத்து சுத்திக்கொண்டு நிக்கும். நெருப்பு அதுக்குள்ளை குந்தியிருக்கும்.”

குழிக்குள் காய்ந்த தென்னம்பாளையை வைத்து மூட்டினான். நூரவில்லை. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அரிசியைப் போட்டேன். கிண்ட அகப்பை இல்லை, அதில் மண். பிடித்து ஏசினேன்.

“தம்பி, எங்களுக்கும் ஒரு குழி வெட்டித் தாருமன்” என்றாள் பக்கத்து அடுப்புக்காரி.

“முதல்லை உங்கடை அகப்பையை அம்மாவுக்குக் குடுங்கோ அக்கா” என்றான்.

மத்தியானத்துக்குள் கோயில் வீதியெல்லாம் குழி. கோயில்காரர் என்னை ஏசினார். நான் அவனை ஏசினேன்.

போன ஆவணியில் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று கூப்பிட, போய்விட்டான். காலில் விழுந்து கும்பிட்டுத்தான் போனான். அதற்கும் ஏசினேன்.

இந்தத் தைப்பொங்கலுக்கு முற்றத்தில் குழியை நானே வெட்டினேன். மண்வெட்டி பக்கத்தில்தான் கிடந்தது. அகப்பையால் வெட்டினேன்.