கேட்டுக்கு வாங்கிய கிரீஸ்

இனி விமானம் ஏறுவதில்லை. முடிவு செய்துவிட்டேன். ஜெர்மனியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஸ்ரீரங்கம் திரும்பியவனுக்கு லால்குடியே வெளிநாடு. மீதி ஆயுளுக்கு ஈஸிசேர் போதும்.

அதில் சாய்ந்திருந்தபோதுதான் உள்ளே என் மனைவி மரகதவல்லி போனில் கிசுகிசுப்பது கேட்டது.

"கிரீஸ்தான். முடிவாயிடுத்து. இவர்ட்ட மூச்சு விடாதே."

பாய்ந்து போனேன். "என்ன கிரீஸ்?"

"வாசல் கேட்டுக்குத்தான். கிறீச் கிறீச்னு கத்தறதே, காதுல விழல?"

மலைக்கோட்டைக் கடைவீதி வரை பஸ்ஸில் போய் ஒரு டப்பா கிரீஸ் வாங்கி வந்தேன். கிரீஸ் தடவுமுன் கேட்டைத் திறந்தேன். மூடினேன். சத்தமே இல்லை. என் சந்தேகம்தான் கிறீச்சிட்டது.

அடுத்த வீட்டு மாதுரி புத்தம்புது ஷூவில் உத்தர வீதியை விடுவிடுவென்று சுற்றி வந்தாள்.

"என்னம்மா, ஷூவெல்லாம்?"

"டாக்டர் நடக்கச் சொன்னார் மாமா."

முதுகில் அவ்வளவு பெரிய பை எதற்கு? அதையும் டாக்டரா சொன்னார்?

புரிந்துவிட்டது. என்னை நாடு கடத்தப் பார்க்கிறார்கள். கெஞ்ச ஆரம்பிப்பதற்குள் மறுத்துவிட வேண்டும். டப்பாவும் கையுமாக அடுக்களைக்குள் நுழைந்தேன்.

"ஏதென்ஸ்ல என்ன இருக்கு? ஒரு குன்று, மேல ஒரு கோயில். நம்ம மலைக்கோட்டைல இல்லையா? அவா கோயில்ல உள்ளே சாமியும் கிடையாது, மேல கூரையும் கிடையாது!"

"வாஸ்தவம்தான்."

"தீவு தீவா சுத்திக் காட்டுவானாம். நாம குடியிருக்கறதே தீவுதானேடி!"

"ஆமாம்."

"மலை ஏறணும்னா உப்பிலியபுரம் தாண்டினா பச்சமலை. காலைல போயிட்டு ராத்திரி வந்துடலாம்."

"சரிதான்."

வரிசையாக ஒத்துக்கொள்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத அதிசயம்.

"நீ என்ன சொன்னாலும் நான் வரமாட்டேன். பெருமாள் மேல ஆணை!"

"அப்புறம் மாறமாட்டேளே?"

"மாட்டவே மாட்டேன்!"

போனை எடுத்தாள். "மாதுரி, அவர் வாயாலேயே வரலைன்னுட்டார்டீ! இனிமே டிக்கெட்டை ஒளிச்சு வைக்க வேண்டாம்."

டப்பா கை நழுவியது. "நான் இல்லாமயா?"

"உங்களை யார் கூப்பிட்டா? தெரிஞ்சா 'நானும் வரேன்'னு கிளம்பிடுவேளோன்னுதான் பயந்துண்டிருந்தோம்."

"அப்போ நான் இங்க என்ன பண்றது?"

"மாதுரி ஆத்துக்காரர் ஜகன்னாத்துக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. நாங்க வரவரைக்கும் ரெண்டு பேருக்கும் தளிகை நீங்கதான். அவருக்குக் காரம் ஆகாது, பாத்துக்கோங்கோ."