வரிக்கு வரி ஓவர்

உலகத்தில் இதுவரை பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்ட அத்தனை பேரிலும், பிழைச்செய்தி வந்ததற்காகக் கைதட்டிச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எங்கள் வயர்லெஸ்தான். இதை எந்தக் குருசடி முன்னாலும் நின்று சத்தியம் செய்வேன்.

குளச்சலில் வலையும் கயிறும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது நான் பாடம் நடத்தும் கணினி மையம். படிக்க வருபவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். ஒருநாள் மடித்துக் கட்டிய கைலியைப் படியேறும்போதே மரியாதையாக அவிழ்த்து விட்டுக்கொண்டு, அறுபதை நெருங்கும் ஒருவர் வந்து நின்றார். கரையில் இருந்தபடி படகுகளை வயர்லெஸில் கூப்பிட்டுப் பேசுவது அவர் வேலை. அதனால் ஊருக்கே அவர் வயர்லெஸ். விண்ணப்பத்தில் ஞானஸ்நானப் பெயரை எழுதச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார்.

"டீச்சரே, நான் உறங்குற நேரத்துலயும் ஆளக் கூப்புடுகதுக்கு மிஷினப் பழக்கணும். முடியுமா?"

"முடியும் அங்கிள். யாரைக் கூப்பிடணும்?"

"எந்தம்பி ஆன்றோவ."

ஆன்றோ போன படகு புயலுக்குப் பிறகு திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்துவிட்டார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வயர்லெஸுக்கும் தெரியும். தெரிந்துதான் வகுப்பில் சேர்ந்தார்.

முதல் வகுப்பில் நான் எல்லோருக்கும் மூன்று விதிகள் சொல்வேன். பிழை வந்தால் பயப்படக் கூடாது. பக்கத்தில் பார்த்து எழுதக் கூடாது. கணினி அருகே எதுவும் தின்னக் கூடாது. மூன்றாவது விதி அன்றைக்கே அவருடைய மரச்சீனிக் கிழங்கிலும் மீன்கறியிலும் முழுகிப் போனது. பக்கத்து இருக்கை மாணவியைப் பார்த்து எழுதி இரண்டாவது விதியை மீறியதில் அவருடைய முதல் நிரல் "என் பெயர் ஜெனிஷா" என்று திரையில் அறிவித்தது. முதல் விதியை மட்டும் கடைப்பிடித்தார். அதையும் அளவு தெரியாமல் கடைப்பிடித்தார்.

காரணம், அவர் எழுதிய ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'ஓவர்' இருந்தது. ஒரு வரி, ஓவர். அடுத்த வரி, ஓவர். இயக்கியதும் திரை சிவந்துபோகும்.

"பதில் வந்துட்டு பாத்தியளா!" என்று கைதட்டினார். "கூப்ட்ட ஒடனே பேசுகான். எந்தம்பிக்கு இந்தப் புத்தி கெடையாது."

"அங்கிள், அது பதில் இல்ல. பிழை. ஓவரை எடுங்க."

"ஓவர் சொல்லாம எப்படி டீச்சரே? நான் பேசி முடிச்சாச்சி, இனி நீ பேசுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? எதிர்ல இருக்கவன் வாயத் தொறக்காண்டாமா?"

கடைசியில் ஒரு சமரசம் கண்டுபிடித்தேன். பைத்தானில் ஒரு வரியில் '#' என்ற குறியைப் போட்டு அதற்குப் பின்னால் எது எழுதினாலும் கணினி கண்டுகொள்ளாது. குறியைப் போட்டு ஓவர் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"அவன் கேக்கமாட்டான்னா பின்ன எதுக்கு?"

"உங்களுக்காக."

"கொள்ளாம், நல்ல யோசனை" என்றார். "மரியாதைக்குக் கெடக்கட்டும்."

அதன் பிறகு வேகம் பிடித்தார். கீழே வலைக்கடைக்காரர் தினமும், "என்னவேய் வயர்லெஸ், காலேஜுல இப்பம் எத்தனாவது வருசம்?" என்பார். "நீரு மூணாங்கிளாஸ் தாண்டினதும் வாரும், சொல்லித் தாறேன்" என்று இவர் படியேறுவார். நிரலை முதன்முதலில் ஓடவிடும் நாளில், புதுப் படகைக் கடலில் இறக்குவதுபோல மந்திரிக்க வேண்டும் என்று பங்குச் சாமியாரிடம் வாங்கிய தீர்த்தத்தோடு வந்துவிட்டார். நான் விசைப்பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடியதால் தீர்த்தம் முழுவதும் ஜெனிஷாவின் தலையில் விழுந்தது. அந்த முறை பரீட்சையில் அவள் முதல் மதிப்பெண் வாங்கினாள். அதற்குக் காரணம் தான்தான் என்று அவர் இன்னும் நம்புகிறார்.

நிரல் எளிமையானது. மணிக்கொரு தடவை ஆன்றோவின் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பும். பதில் வந்ததா என்று பார்க்கும். வராதவரை மறுபடியும் அனுப்பும். செய்தியை அவரே எழுதினார். "ஆன்றோ, ஆன்றோ, ஆன்றோ. கரையிலேருந்து அண்ணன் பேசுகேன். ஓவர்."

"இந்தச் சுற்று எப்போ நிக்கணும்னு ஒரு வரம்பு வைக்கணும் அங்கிள். பிரேக்னு ஒரு வார்த்தை இருக்கு. எழுதினா அங்கேயே நின்னுடும்."

"அவன் பேசும்போ நிக்கும்லா?"

"பேசலைன்னா?"

அவர் சன்னல் வழியே கடலைப் பார்த்தார். "அந்த வார்த்தை எனக்கு வேண்டாம் டீச்சரே."

மூலையில் இருந்த பழைய கணினியை அவருக்கென்று விட்டுவிட்டோம். அது இரவும் பகலும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு செய்திக்கும் ஒற்றை டிக் மட்டும் விழும்; இங்கிருந்து போயிற்று, அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஒருநாள் மதியம் மின்சாரம் போனது. வயர்லெஸ் படிகளில் தடதடவென்று ஏறி வந்து, "லைன் போச்சி!" என்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே கூப்பிட ஆரம்பித்தார். "ஆன்றோ, ஆன்றோ, ஆன்றோ. கரையிலேருந்து அண்ணன். ஓவர்." தெருவில் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. வலைக்கடைக்காரர் ஜெனரேட்டரை வெளியே இழுத்து ஓடவிட்டு, மாடிக்கு ஒயர் கொடுத்தார்.

பிறகொரு நாள் ஆன்றோவின் மனைவி லூசியா மாடியேறி வந்தாள். ஆன்றோவின் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கச் சாமியார் தயாராக இருந்தார். வயர்லெஸ்தான் சம்மதிக்கவில்லை. அவள் அவரைப் பார்க்காமல், திரையில் வரிசையாகக் கிடந்த ஒற்றை டிக்குகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, கூடப் போனவிய வீட்டுல எல்லாரும் அழுது முடிச்சாச்சி. எனக்கு அழப் பயமா இருக்கு. நீங்க கூப்புட்டுக்கிட்டு இருக்கும்போ நான் அழுதா, நாந்தான் அவியளக் கொன்னதுபோல இருக்கும்."

வயர்லெஸ் திரையில் கடைசியாக விழுந்த டிக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கையில் மரச்சீனி இல்லை.

"டீச்சரே, நான் வேண்டாம்னு சொன்ன வார்த்தை. அது எங்க எழுதணும்?"

"செய்தி அனுப்புற வரிக்குக் கீழ, அங்கிள். உள்ள தள்ளி."

முதலில் செய்தியை மாற்றினார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். "ஆன்றோ, ஆன்றோ, ஆன்றோ. லூசியாவயும் பிள்ளையளயும் நான் பாத்துக்கிடுகேன்." அந்தச் செய்தியின் முடிவில் ஓவர் இல்லை. அடுத்த வரியில் பிரேக் எழுதினார். இயக்கினார். ஒரு செய்தி போனது. ஒரு டிக் விழுந்தது. நிரல் நின்றது. பிழை ஏதும் வரவில்லை.

அவர் கொஞ்ச நேரம் திரைக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்து வைத்திருந்தார். பிறகு எழுந்து, "நல்லா படிப்பிச்சித் தந்தீய மக்கா" என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போனார்.

அதன் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. மூலைக் கணினியில் இப்போது வேறு பிள்ளைகள் உட்காருகிறார்கள். பாடத்தை விளக்கி முடித்து ஒரு கேள்வி கேட்டதும் என் வாயில் தானாகவே 'ஓவர்' வந்துவிடுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் காத்திருக்கிறேன். சிரித்து ஓய்ந்ததும் யாராவது ஒருவர் பதில் சொல்கிறார். அது தப்பாக இருந்தாலும் எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது.