குட்டி ட்ரெய்லருக்கு ஒரு பேட்டரி

தீர விசாரித்து வாங்குபவர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். நீங்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், பிரித்து, பயன்படுத்தி, பழசாக்கி, அது கெட்டுப்போய், இன்னொன்று வாங்க அதே கடைக்கு வரும்போதும் உங்களுக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். கையில் ஒரு காகிதம். காகிதத்தில் கட்டங்கள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று நிரம்பியதும் வாங்கிவிடுவார். ஆனால் அது நிரம்பும் நாளில் பக்கத்திலேயே புதிதாக ஒரு கட்டம் முளைத்துவிடும்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். இவரைப் போல் உழைப்பவர் யார்? குடை வாங்க இரண்டு மழைக்காலம் அலைவார். நனைந்துகொண்டே ஒப்பிடுவார். கஞ்சன் என்றும் சொல்ல முடியாது. விலையைக் கடைசியில்தான் கேட்பார், அந்தக் கடைசிதான் வராது. இவருடைய பயம் ஒன்றே ஒன்று: தான் வாங்கிய மறுநாள், அதைவிட நல்லது ஒன்றை எவனாவது வாங்கிவிடுவானோ?

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவரைக் காட்டுகிறேன், வாருங்கள். அலுவலகத்தில் இவரை ‘மீட்டர்’ என்பார்கள். வீடுகளுக்குப் போகும் தண்ணீர் மீட்டர்களைச் சோதித்து முத்திரை வைப்பது உத்தியோகம். நூறு லிட்டருக்கு இரண்டு லிட்டர் கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த நாற்காலிக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. மாலை ஐந்து மணிக்கு அந்த நாற்காலியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவதுதான் தொல்லை.

மூன்று வருடத்துக்கு முன் இவருடைய மைத்துனர் ஒரு குட்டி ட்ரெய்லரை வேனில் மாட்டி இழுத்துவந்து இவர் வீட்டு வாசலில் நிறுத்தினார். மைத்துனர் சோபாவுக்கு உறை தைக்கும் கடைக்காரர். எதையும் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிட்டு, அது எதற்கு என்று அப்புறம் யோசிப்பவர். இரண்டு சக்கரம், நாலு பேர் நெருக்கிப் படுக்க இரண்டு பலகை, பம்போடு ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி, மூன்று விளக்கு, ஒரு மின்விசிறி. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. பேட்டரி மட்டும் செத்திருந்தது.

“புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டா ஏரிக்குக் கிளம்பிடலாம் அத்தான்.”

“வாங்கிடலாம். ஆனா எதை வாங்கறது?”

அந்த ‘எதை’யில் மூன்று வருடம் போயிற்று. மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அன்றைக்கே தன் தலையணையைக் கொண்டுபோய் ட்ரெய்லருக்குள் போட்டுவிட்டாள். “ஒரு வாரம் பொறும்மா” என்றார் மீட்டர்.

முதல் வருடம் அளவு. பேட்டரி என்பது தொட்டி, மின்சாரம் என்பது தண்ணீர் என்று மகளுக்கும் மனைவிக்கும், கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரருக்கும் விளக்கினார். எழுபது ஆம்பியரா, நூறா, நூற்றிருபதா? இரண்டாம் வருடம் வகை. தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் பாதிக்குமேல் காலி செய்யக்கூடாது, ஆயுசு குறையும். ஜெல் பேட்டரி சாய்த்தாலும் சிந்தாது, ஆனால் சார்ஜ் ஏற்றுவதில் நுணுக்கம் பார்க்கும். லித்தியம் எடை குறைவு, அடிவரை உறிஞ்சலாம், ஆனால் உறைபனியில் சார்ஜ் ஏற்றக்கூடாது.

“நாம போற ஏரியில எப்பங்க உறைபனி பெஞ்சிருக்கு?” என்றாள் மனைவி.

“பெய்யாதுன்னு யாரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா?”

மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. பல்லைப் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்கள்கூட இவரைவிடச் சீக்கிரம் முடிவெடுத்துவிடுகிறார்கள் என்று அங்கே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் அதைச் சொன்னதில்லை. சொன்னால், பல் பிடுங்குவதற்கு எத்தனை முறைகள் இருக்கின்றன என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

மூன்றாம் வருடம்தான் உச்சம். ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று தெரியாமல் எப்படி வாங்குவது? எனவே ஒரு வாரம் முழுக்க, வீட்டுக்குள்ளேயே, ட்ரெய்லரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வாழ வேண்டும் என்று உத்தரவு. கூடத்தில் மூன்று விளக்கு, ஒரு விசிறி. ஒவ்வொரு சுவிட்சுக்குப் பக்கத்திலும் ஒரு காகிதம், நூலில் கட்டிய பென்சில். போட்ட நேரம், அணைத்த நேரம். மகள் தலையைத் துவட்டிவிட்டு முடி உலர்த்தும் கருவியை எடுத்தாள். எடுத்ததும் அப்பா பாய்ந்தார். “ஆயிரத்து இருநூறு வாட்டும்மா! ஏரியே வத்திரும்!” மனைவி மிக்ஸியைத் தொட்டாள், அதற்குத் தனி விசாரணை. நான்காம் நாள் தாயும் மகளும் மாடி வீட்டில் போய் முடி உலர்த்தி, சட்னி அரைத்துக்கொண்டு வந்தார்கள். கணக்கில் அது வரவே இல்லை. இவ்வளவு துல்லியமாக எடுத்த கணக்கு!

வார முடிவில் மைத்துனர் அந்தக் கட்டங்களைப் பார்த்தார். விளக்குக்குக் கொஞ்சம், விசிறிக்குக் கொஞ்சம், தண்ணீர் ஏற்றும் பம்புக்குத் துளி. பாதிக்குமேல் ஒரே வரியில் இருந்தது: மடிக்கணினி, பகல் முழுக்க.

“அத்தான், ஏரிக்கரையில மடிக்கணினி எதுக்கு?”

“பேட்டரி எவ்வளவு இறங்குதுன்னு பாத்துக்கிட்டே இருக்க வேணாமா?”

“அப்போ மடிக்கணினியை விட்டுட்டா?”

“சின்ன பேட்டரியே போதும்.”

“சின்னதுன்னா அதைப் பாத்துக்கிட்டே இருக்க வேணாமே?”

“சின்னதைத்தான் மாப்பிள்ளை ரொம்பப் பாக்கணும்.”

மைத்துனர் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சில வாதங்களில் ஜெயிப்பதைவிட வெளியே வந்து நிற்பது நல்லது.

இதற்கிடையே மகளுக்குப் பதினெட்டு ஆகி, தொலைவில் ஒரு நகரத்தில் நாலு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை பஸ். புதன்கிழமை சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அப்பா, இந்த வெள்ளிக்கிழமை ஏரிக்குப் போலாமா? ரெண்டு நாள்தான். ஞாயித்துக்கிழமை வந்துரலாம்.”

“கண்டிப்பா! நாளைக்கு பேட்டரி வந்துரும்மா.”

“பேட்டரி இல்லாமயும் போலாம்ப்பா. மாமா டார்ச் வச்சிருக்காரு.”

டார்ச்! மூன்று வருட உழைப்பின் முகத்தில் டார்ச் அடித்தால் எப்படி இருக்கும்? ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: அன்றைக்கு அவர் நிஜமாகவே பயந்துபோனார். எழுந்துபோய்க் கட்டங்களை எடுத்துவைத்து, எல்லாவற்றையும் அடித்து, ஒரே ஒரு வகையில் வட்டம் போட்டார். மூன்று வருடத்தில் முதல் வட்டம்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு. பேட்டரிக் கடைக்காரர் இவர் வருவதைப் பார்த்ததும் வழக்கம்போல் தனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். “வாங்க சார். இன்னைக்கு என்ன சந்தேகம்?”

“சந்தேகமே இல்ல. இதைக் குடுங்க.”

கடைக்காரர் டீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளே ஓடி, அந்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மீட்டர் குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் தயாரித்த தேதி இருந்தது. நாலு மாதம் முன்பு.

“பழசு.”

“நாலு மாசம்லாம் பழசா சார்? நல்லா மூடின சரக்கு.”

“புதுச் சரக்கு எப்ப வரும்?”

“நாளைக்கு மத்தியானம். சார், இதையே எடுத்துட்டுப் போங்க சார். உங்க கால்ல வேணா விழறேன்.”

நாளைக்கு மத்தியானம்தானே? ஏரிக்கரையில் வண்டிகளை ஐந்து மணிவரை உள்ளே விடுவார்கள். இரண்டு மணி நேரப் பயணம். மூன்றுக்குக் கிளம்பினால் போதும். நேரம் தாராளமாக இருந்தது. இவரைப் போன்றவர்களுக்கு அதைவிட ஆபத்தானது வேறென்ன?

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குப் புதுச் சரக்கு இறங்கியது. அதே நிறுவனம், அதே வகை, அதே அளவு, போன வாரத் தேதி. இனி என்ன தடை? ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயம்: இறங்கியவை இரண்டு.

இரண்டையும் சோதித்துக் காட்டச் சொன்னார். ஒன்று பதின்மூன்று புள்ளி இரண்டு எட்டு வோல்ட். இன்னொன்று பதின்மூன்று புள்ளி மூன்று ஒன்று. கூடுதலாகக் காட்டுவது நல்லதா, அல்லது அது கூடுதலாகச் சார்ஜ் ஏற்றிய சரக்கா? மறுபடி சோதித்தார்கள். இப்போது இரண்டும் ஒன்றே காட்டின. அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது.

போன் அடித்தது. “அப்பா, மாமா வந்து வண்டியெல்லாம் மாட்டியாச்சு. எங்க இருக்கீங்க?”

“கடையிலதாம்மா. வாங்கிட்டேன். அரை மணி.”

இரண்டு மணிக்கு மறுபடி. “அரை மணிம்மா.” இரண்டே முக்காலுக்கு மனைவி. “என்னங்க, கிளம்பிட்டீங்களா?” “பில் போட்டுக்கிட்டு இருக்கான்.” அப்போது அவர் இரண்டு பேட்டரிகளின் வரிசை எண்களையும் எழுதிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

மூன்றரைக்கு மீட்டர் வாடகை வண்டியில் வந்து இறங்கினார், பேட்டரியைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. வாசலில் ட்ரெய்லர் இல்லை. அது நின்ற இடத்தில் புல் நீள்சதுரமாக வெளுத்திருந்தது. வெயில் மறந்துபோன ஓர் அறைபோல இருந்தது அது. அவர் அதன் நடுவில் போய், ஏனென்று தெரியாமல், கொஞ்ச நேரம் நின்றார்.

போனில் மனைவி. கூடவே வேன் ஓடும் சத்தம் கேட்டது. “கேட்டை மூடிருவாங்கங்க, அதான் கிளம்பிட்டோம். நாலரைக்கு ஒரு பஸ் இருக்கு, ஏரி வாசல்லயே நிக்கும். ஆளுன்னா எப்ப வேணா உள்ள விடுவாங்க. அந்த பேட்டரியை வீட்ல வச்சிட்டு நீங்க மட்டும் வந்தாப் போதும். அவளும் அதைத்தான் சொல்றா.”

“சரி, வரேன்.”

வருவதாகத்தான் இருந்தார். சட்டைகூட மாற்றிவிட்டார். செருப்பை மாட்டும் முன், பெட்டியில் இருந்த கையேட்டை ஒரே ஒரு தடவை புரட்டினார். முதல் பயன்பாட்டுக்கு முன் முழுவதுமாகச் சார்ஜ் ஏற்றவும் என்று இருந்தது. அந்தச் சமயத்தில் கவனிப்பாரின்றி விடவேண்டாம் என்றும் இருந்தது. ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். மூன்று வருடம் தேடிய பொருளைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? நாலரை பஸ் போனது.

மறுநாள் சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். பின்னணியில் யாரோ சிரித்தார்கள், தண்ணீரில் ஏதோ விழுந்தது. “அப்பா, ரொம்ப நல்லாருக்குப்பா. லைட்டே தேவைப்படல. இப்பக் கிளம்பினாக்கூட ராத்திரிக்கு வந்துரலாம்.”

“தொண்ணூத்தி நாலு சதவீதம் வந்திருச்சும்மா. இன்னும் கொஞ்சம்தான்.”

“சரிப்பா. சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ட்ரெய்லர் திரும்பி வந்தது. மீட்டர் பேட்டரியைப் பொருத்தினார். மூன்று விளக்கும் பளிச்சென்று எரிந்தன, விசிறி சுற்றியது, ஒரு குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் மகளின் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, “அடுத்த லீவுக்கு வா, எல்லாம் ரெடியா இருக்கும்” என்றார். அவள் பையை வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. அவளை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தார். கணக்கு கிடைக்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

இப்போது உங்களிடம் வருகிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டு, ‘அதெல்லாம் சரி, கடைசியில் அவர் வாங்கியது எந்த பேட்டரி? ஜெல்லா, லித்தியமா?’ என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றுகிறதா? கொஞ்சமாவது? தாராளமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் யார் எந்தத் தேதியில் ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று மட்டும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.