சிறுகுறிஞ்சானும் ஒரு சட்டிப் பாயாசமும்

சீனி வருத்தம் வந்தவனுக்கு டாக்டர் ஒருவர்தான். வைத்தியம் சொல்கிறவர்களோ ஊர் முழுக்க.

எனக்குச் சீனி, பிரஷர், கொழுப்பு, தொப்பை நான்கும் ஒன்றாகவே பிடிபட்டன. "எல்லாம் ஒரே கூட்டம்தான். உடம்பிலை இன்சுலின் இருக்கு, ஆனா வேலை செய்யேல்லை. சோத்தைக் குறையுங்கோ, நடவுங்கோ, குளிசையை மட்டும் விடாதேங்கோ" என்றார் யாழ்ப்பாணத்து டாக்டர்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் தேத்தண்ணியை உறிஞ்சித் துப்பி ருசி சொல்வது என் வேலை. அதனால் என் நாக்கின் மேல் எனக்கு அபார கர்வம். கால்களின் மேல் அவ்வளவு இல்லை. நடக்காமல் குணமாக வழி தேடினேன்.

சந்தையில் மைக்கோடு நின்ற ஒருவர் சிறுகுறிஞ்சான் தூள் விற்றார். "பச்சிலைதானே அண்ணே, பக்கவிளைவே கிடையாது. படுத்துக் கிடக்கிற இன்சுலின் எழும்பி ஓடும்!" அன்றே டாக்டர் தந்த மருந்துக் குளிசைகள் அலமாரிக்குள் போயின. தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொன்னார். சீக்கிரம் பிடிக்கட்டும் என்று நான் நாக்கிலேயே அப்பிக்கொண்டேன். (அதிபுத்திசாலி!)

அந்த மாதம்தான் ஹட்டனிலிருந்து என் மகள் கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அவளோடு ஆசிரியர் கலாசாலையில் படித்த வாத்தியார். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்த்தான் இந்த ஏற்பாடே. வந்து பார்ப்பதெல்லாம் ஒரு சம்பிரதாயம்.

உள்ளே மகளுக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்த என் மனைவி சரோஜா குரல் கொடுத்தாள்: "ஏங்க, பாயாசத்துல சீனி சரியான்னு பாத்துருங்க!"

அப்போதுதான் தூளை நாக்கில் போட்டிருந்தேன். ஒரு கரண்டி பாயாசத்தை வாயில் விட்டேன். கஞ்சி. சீனி போட்டேன். அப்போதும் கஞ்சி. கலப்படச் சீனி விற்ற கடைக்காரனைத் திட்டிக்கொண்டே சீனி டின்னை அப்படியே கவிழ்த்தேன். (சிறுகுறிஞ்சான் பட்ட நாக்கில் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது என்பதை மைக்குக்காரர் சொல்லவில்லை.)

மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். அம்மா இருமினார். மாப்பிள்ளை மட்டும் கவிதாவைப் பார்த்தபடியே முழுவதையும் குடித்து முடித்தார்.

"என்னங்க இது, பாயாசமா, சீனிப் பாணியா?" என்றார் அப்பா.

சரோஜா ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள். "அந்தத் தூளத் தின்னுட்டா ருசி பாத்தீங்க?"

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நானோ தூள் டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்துப் பிரசங்கம் தொடங்கினேன். "எங்கப்பாவுக்கும் சீனிதாங்க. பெரியப்பாவுக்குக் காலையே எடுத்தாங்க. எனக்குச் சீனியோட பிரஷரும் கொழுப்பும் இருக்கு. ஆனா பாருங்க, மருந்தக் கண்டுபிடிச்சிட்டேன்!"

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் பேச்சுக்கு நடுவில் நின்ற தரகர் போன் பண்ணினார். "பரம்பரைச் சீனியாம் அண்ணே. பேரப்புள்ளைகளுக்கும் வருமாம். வேணாங்கிறாங்க." பாயாசத்தைக் குடித்து முடித்த தைரியசாலி, தன் அப்பாவிடம் வாயே திறக்கவில்லை.

குளிசையை நிறுத்தியதில் சில வாரத்தில் எனக்குக் கண் மங்கியது. பெரியாஸ்பத்திரிச் சீனி கிளினிக்குக்கு ஓடினேன். வரிசையில் எனக்கு முன்னால் மாப்பிள்ளையின் அதே அப்பா! விரலில் பஞ்சோடு நின்றவரிடம் நர்ஸ், "ஐயா, ஒவ்வொரு மாசமும் ஒங்களுக்குச் சீனி கூடிக்கிட்டேதான் போகுது" என்று சலித்துக்கொண்டார். திரும்பியவர் என்னைக் கண்டுவிட்டார்.

"சும்மா... செக் பண்ண வந்தேங்க."

"நானும் சும்மாதாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். கவிதா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இப்போது ஒழுங்காகக் குளிசை போடுகிறேன், நடக்கிறேன். கவிதா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும், "அப்பா ருசி பாக்கல, பயப்படாமக் குடிங்க" என்று சொல்லித்தான் தேத்தண்ணி கொடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். கல்யாணப் பேச்சை மட்டும் அவள் எடுக்க விடுவதில்லை.