கிரைண்டர் கல்லோடு வந்திறங்கிய இன்ஸ்பெக்டர்

என் சினிமா வாழ்க்கையைக் கொன்றது தாம்பரத்தில் இருக்கும் என் சகலை சேதுராமன்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

போர்ட் பிளேரில் கலைஞர்களை மேடை ஏற்றிவிடுவது என் தொழில். ரிசார்ட் கல்யாணத்துக்குப் பாடகர், கோயில் திருவிழாவுக்கு டான்ஸ் குரூப், எது கேட்டாலும் ஆள் பிடித்துக் கொடுப்பேன். அந்தத் தெம்பில் படத் தயாரிப்பாளராகிவிட்டேன். (யாரும் தடுக்கவில்லை. அந்தக் கோபமும் இருக்கிறது.) மெயின்லேண்டிலிருந்து ஓரளவு பெயர் தெரிந்த ஒரு ஹீரோவைப் பிடித்தேன். படம் நன்றாக வந்தால் இனி தன் கால்ஷீட்டையெல்லாம் நானே பார்த்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

படத்தில் அவர் போலீஸ் இன்ஸ்பெக்டர். ஹீரோவின் அளவைச் சகலைக்கு அனுப்பினேன். சென்னையில் யூனிஃபார்ம் தைத்து, விமான நிலையத்தில் ஹீரோவிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேலை.

ஆனால் தீவுக்காரர்களின் வியாதி ஒன்று உண்டு. மெயின்லேண்டிலிருந்து வருகிறவர் மந்திரியே ஆனாலும் நம் வீட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

மாலையோடு என் டான்ஸ் குரூப் காத்திருக்க, ஹீரோ வெளியே வந்தார். கறுப்புக் கண்ணாடி. தள்ளுவண்டியில் நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. அதன் மேல் கொட்டை எழுத்தில், 'மல்லிகா, டாலிகஞ்ச்'. மல்லிகா என் மனைவி, டாலிகஞ்ச் எங்கள் ஏரியா.

"இதுல என்ன சார் இருக்கு? தூக்கின அசிஸ்டென்டுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

"காஸ்ட்யூம் சார்" என்றேன், மடையன்.

படப்பிடிப்பு நடக்கவிருந்த டெலானிபூர் மேட்டில் யூனிட் மொத்தமும் பார்க்கப் பெட்டியைத் திறந்தேன். கிரைண்டர் கல். இடுக்கெல்லாம் அப்பளமும் வடகமும். அடியில் சட்டை இருக்குமோ என்று கல்லைத் தூக்கிக்கூடப் பார்த்தேன்.

லைட்மேன் எட்டிப் பார்த்தான். "பாய், இது எந்த சீன்ல வருது?"

சகலைக்குப் போன் போட்டேன். "அண்ணே, யூனிஃபார்ம் எங்க?"

"வெயிட் ஜாஸ்தியாயிடுச்சு சகல, எடுத்து வச்சிட்டேன். போலீசு அங்கயும் இருக்கான், கேட்டா ஒரு செட்டு குடுக்க மாட்டானா? கல்லு கிடைக்குமா அங்க?"

கிடைக்கும். அந்த மேட்டிலிருந்து இறங்கினால் முதல் கடையிலேயே கிடைக்கும்.

அடுத்த நிமிடம் மல்லிகா போன். "கல்லு உடையாம வந்துச்சா? அது போதும்."

மறுநாள் ஹீரோ ஊர் திரும்ப வேண்டும். சௌல்தாரியில் ஏடிஎம் காவலராக இருக்கும் நண்பரின் நீலச் சட்டையை வாங்கி வந்து ஹீரோவுக்கு மாட்டினேன். நண்பர் ஒல்லி. ஹீரோ ஜிம்முக்குப் போகிறவர். கைது செய்யக் கையை நீட்டியதும் பித்தான் தெறித்து வில்லன் நெற்றியில் விழுந்தது. அந்த டேக்கைத்தான் படத்தில் வைத்தோம். அடுத்த டேக்குக்குப் பித்தான் இல்லை.

படம் திரையிட்ட அன்று ஹீரோ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைது சீன் வந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்: "பாய், பைசா நஹி நிகலா." பணம் வரவில்லையாம். அரங்கமே சிரித்தது. ஹீரோ எழுந்து போனார். அதன் பிறகு என் போனை அவர் எடுத்ததே இல்லை.

நான் மறுபடி ரிசார்ட்டுகளுக்குப் பாடகர் அனுப்புகிறேன். வீட்டில் மாவு ஆட்டும்போதெல்லாம் மல்லிகா, "புரொடியூசர் சார், உங்க ஹீரோ ரொம்ப நேரமா சுத்துறாரு, போய் நிறுத்துங்க" என்பாள். இட்லி பூப்போல வருகிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சகலை தன் போட்டோ ஒன்றைப் போட்டார். அவர் குடியிருப்பில் மாறுவேடப் போட்டியாம், முதல் பரிசாம். கையில் கோப்பை, உடம்பில் என் இன்ஸ்பெக்டர் யூனிஃபார்ம். மார்பில் என் படத்துப் பாத்திரத்தின் பெயர், 'வெற்றிவேல்'. எல்லோரும் கைதட்டல் பொம்மை அனுப்பியிருந்தார்கள், மல்லிகா உட்பட.

நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹீரோவுக்குத் தொப்பை கிடையாது. சகலைக்கு உண்டு. சட்டை அந்தத் தொப்பையில் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

சேதுராமன் அண்ணே, தனியாகப் போன் செய்து மழுப்ப வேண்டாம். அதே குழுவில், எல்லோரும் பார்க்கப் பதில் சொல்லுங்கள். தையல்காரரிடம் யார் அளவைக் கொடுத்தீர்கள்?