பீர்க்கங்கொடி போன வழி

பந்தல் போடுவதுதான் நம் வேலை, எங்கே படர்வது என்பதைக் கொடிதான் முடிவு செய்யும். இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிவதற்கு, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் நடுவில் நான் தலைகுப்புற விழ வேண்டியிருந்தது. அந்தக் கொடிமேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே உப்பளம். எங்கள் மண்ணில் எதுவும் பிழைக்காது. அதனால் பிரம்மதேசத்திலிருந்து ஒரு டிராக்டர் வண்டல் வரவழைத்துப் பீர்க்கன் விதை ஊன்றினேன். சவுக்குக் கழி நட்டு, நைலான் கயிறு கட்டிப் பந்தலும் போட்டேன். கொடி பந்தலை ஒருமுறை தொட்டுப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, காம்பவுண்டு சுவரேறி அந்தப் பக்கம் போய்விட்டது. பிடித்துத் திருப்பி விட்டால், மறுநாள் மறுபடியும் சுவர்மேல்.

அந்தப் பக்கம் இருப்பது என் வீட்டுக்காரரின் அக்கா, சாந்தி அண்ணி. சாக்கடைத் தண்ணீர்த் தகராறில் எங்களுக்குள் பேச்சு நின்று மாதக்கணக்காகியிருந்தது. (தப்பு முழுக்க அவர்கள்மேல்தான்.)

என் பக்கம் கொடியில் வெறும் ஆண்பூ. மஞ்சளாகப் பூத்து உதிர்ந்ததே தவிர ஒரு பிஞ்சு இல்லை. அந்தப் பக்கமோ கை நீளத்துக்குக் காய். தண்ணீர் என்னுடையது, சாணம் என்னுடையது, கூட்டு மட்டும் அண்ணியுடையது. அங்கே தாளிக்கும் வாசனை வந்தாலே எனக்கு வயிறு எரியும். வீட்டுக்காரரிடம் சொன்னால், "செவுரு யாருதுன்னு செடிக்குத் தெரியுமா? விடேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவர் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியதும், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். உப்புக் குவியலை மூடுகிற நீலத் தார்ப்பாய் ஒன்றை அண்ணி வீட்டு முற்றத்துக்கு மேல் விரித்து, துணிக்கயிற்றோடு கட்டியிருந்தார்கள். காயை என் கண்ணில் படாமல் மறைக்கத்தான் இந்த வேலை என்று முடிவே செய்துவிட்டேன். (கோபத்தில் மூளை இப்படித்தான் ஓடும்.) அடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. டிவி என்று நினைத்தேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி, சுவர்மேல் குதிரையேறி உட்கார்ந்து, கொடியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அதன் சுருள்கள் ஸ்பிரிங் மாதிரி துணிக்கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைக் கட்டி இழுத்தேன். கயிறு அறுந்தது. தார்ப்பாய் சரிந்தது. கூடவே நானும்.

அடியில் இருந்தவர்கள், அண்ணியின் மகள் நித்யாவைப் பெண் பார்க்க வானூரிலிருந்து வந்திருந்தவர்கள். வீட்டுக்குள் புழுக்கம் என்று முற்றத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக வெளியே வந்தது. அதில் ஒன்று, வாயில் பஜ்ஜியோடு என் வீட்டுக்காரருடையது. (கடைக்குப் போன லட்சணம்!) அவரை அங்கேயே கொன்றிருப்பேன், எழுந்திருக்க முடிந்திருந்தால்.

மாப்பிள்ளையின் அம்மா கலைந்த கொண்டையைப் பிடித்துக்கொண்டு, "யாருங்க இது?" என்று கேட்டார்.

காபித் தட்டோடு நின்ற நித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தூக்கி வளர்த்த பெண். இந்தச் சம்பந்தம் என்னால் முறிந்தால் அப்புறம் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன்? முதல்முறையாகக் கோபம் போய்ப் பயம் வந்தது.

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க தம்பி பொண்டாட்டிங்க. பஜ்ஜிக்குக் காய் பத்தல, பறிச்சாரச் சொன்னேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "போதும் வா. உள்ள வந்து நறுக்கு."

மாதக்கணக்கில் பேசாதவர் பேசிய முதல் வார்த்தை அது. போய் நறுக்கினேன். என் தண்ணீரில் விளைந்த காயை, அவர் அடுப்படியில், அவர் கத்தியால், சுளுக்கிய காலோடு நின்று. வானூர்க்காரர்கள் இன்னொரு தட்டு கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அண்ணியோடு பேச்சும் வந்துவிட்டது. சாக்கடைதான் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் வானூரில் எந்த விசேஷத்துக்குப் போய் இறங்கினாலும், நித்யாவின் மாமியார் உள்ளே பார்த்து, "செவுத்து அத்தை வந்திருக்காங்க, இன்னிக்கு வாசல் வழியாவே வந்துட்டாங்க" என்று அறிவிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர்தான் சத்தமாகச் சிரிப்பார். நானும் சிரிப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.