எழுபத்திரெண்டாயிரம் கிலோமீட்டர் ரிவர்ஸ்

ஒரு வண்டி எவ்வளவு வேகமா போகுதுன்னு அதை ஓட்டுறவருக்குத் தெரிஞ்சிருக்கணும். இதுல யாருக்கும் ஆட்சேபணை இருக்காதுன்னுதான் டாக்டர் ஷவ்கத் நெனச்சாரு.

அலெக்ஸாண்ட்ரியாவுல மருந்துக்கடை வச்சிருக்கிறவரு. மருந்துக்கடைக்காரரை டாக்டர்னு கூப்பிடுறது ஊர் வழக்கம். அவருகிட்ட 1971-ல வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டே சீட்டு, மேல கூரை கிடையாது. "கடற்கரை ரோட்டுல நூத்தி அறுபதுல போனேன்"னு பழைய கார் சங்கத்துல பதினோரு வருஷமா சொல்லிட்டு வந்தாரு. சங்கத்துல மத்தவங்களும் நூத்தி எழுபது, நூத்தி எண்பதுன்னு சொல்லிக்கிட்டுதான் இருந்தாங்க.

அன்னிக்கு மக யுஸ்ரா பக்கத்துல உக்காந்திருந்தா.

"பாத்தியா யுஸ்ரா? முள்ளு அறுபதுல நிக்குது. ஆனா வண்டி குலுங்குதா பாரு."

"குலுங்கல பாபா. ஆனா டிராம் நம்மளைத் தாண்டிப் போகுது."

அந்த டிராம் ஆமை வேகத்துல போறது ஊருக்கே தெரியும். அதுல இருந்த ஒரு கிழவர், சூரியகாந்தி விதையைக் கொறிச்சுக்கிட்டே ஷவ்கத்துக்குக் கைகாட்டிட்டு முன்னால போயிட்டாரு.

மறுநாளே வண்டி மெக்கானிக் உஸ்தா சுப்ஹி பட்டறைக்குப் போச்சு. சுப்ஹி மீட்டருக்குப் பின்னால போற கேபிளைக் கழட்டி, நுனியில சிகரெட் அட்டையில ஒரு அம்புக்குறி வெட்டி மாட்டினாரு. வண்டியைத் தள்ளச் சொன்னாரு. பின் சக்கரம் பத்து சுத்து சுத்துறதுக்குள்ள அம்புக்குறி எத்தனை சுத்து சுத்துச்சுன்னு விரல்விட்டு எண்ணினாரு.

"டாக்டர், இது வேற வண்டியோட கியர்பாக்ஸ். உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவன் புதுசுலயே மாத்திட்டான். பதினாறு பல் சக்கரம் இருக்கவேண்டிய எடத்துல பத்துப் பல் இருக்கு. நீங்க நூறு போனா மீட்டர் நூத்தி அறுபது காட்டும்."

"அப்ப நான் நூத்தி அறுபதுல போனது..."

"போகல டாக்டர்."

ஷவ்கத் மீட்டரை உத்துப் பாத்தாரு. அப்புறம், "சக்கரத்தை மாத்துங்க. மொத்தம் ஓடின கிலோமீட்டரையும் திருத்திடுங்க. ஒரு லட்சத்து தொண்ணூத்திரெண்டாயிரம்னு பொய் சொல்லிட்டிருக்கு. உள்ளது ஒரு லட்சத்து இருபதாயிரம்தான்"னாரு.

"முள்ளைத் திருத்தினா ஒருத்தனும் கேக்கமாட்டான் டாக்டர். எண்ணைத் திருத்தினா அரசாங்கம் கேக்கும். சும்மா விடுங்க."

"உண்மையைச் சொன்னா அரசாங்கம் என்ன பண்ணிடும் உஸ்தா?"

சுப்ஹி ஸ்பானரைக் கையில எடுத்தாரு. ஆனா அவரோட முகத்துல, ஒரு நல்ல மனுஷனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிற மாதிரி ஒரு பார்வை வந்துச்சு.

வியாழக்கிழமை யுஸ்ராவுக்குக் கல்யாணம். நகை வேணாம், பெரிய மேடை வேணாம், பாபா ஓட்டுற சிவப்பு கார்ல மண்டபத்துக்குப் போகணும்னு மட்டும்தான் அவ கேட்டிருந்தா. வண்டி லைசென்ஸ் புதன்கிழமையோட முடியுது. அதனால ஷவ்கத் செவ்வாய்க்கிழமை காலையிலயே போக்குவரத்து அலுவலகத்துக்குப் போயிட்டாரு.

ஜன்னலுக்குள்ள மேடம் நவால் முலூகியா கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தாங்க. காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம், நடுவுல ஷவ்கத்தோட காகிதம்.

"போன வருஷம் ஒரு லட்சத்து தொண்ணூத்திரெண்டாயிரம். இந்த வருஷம் ஒரு லட்சத்து இருபதாயிரம். மீதி எழுபத்திரெண்டாயிரம் எங்க டாக்டர்?"

"அது ஓடவே இல்ல மேடம். மீட்டர் தப்பு. திருத்திட்டேன்."

"அப்ப பதினோரு வருஷமா நாங்க முத்திரை குத்தினது தப்பான எண்ணுக்கா?"

ஜன்னலுக்குப் பின்னால நாலு மேசையில வேலை நின்னுச்சு.

"ஐயையோ! நான் அப்படிச் சொல்வேனா?"

"அரசு முத்திரை பதிந்த கிலோமீட்டர் ஓடிய கிலோமீட்டர்தான். ஓடினது எப்படி குறையும்? சொல்லுங்க."

ஷவ்கத் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. மேடம் நவாலுக்கே பாவமா போச்சு. உள்ள போய்ப் பொறியாளர் ஃபத்ஹுல்லாவைக் கூட்டிட்டு வந்தாங்க. அந்த ஊர்ல அதிகாரி யாரா இருந்தாலும் 'பாஷா'தான். ஃபத்ஹுல்லா பாஷா டீ கிளாஸோடயே வந்தாரு.

"டாக்டர், இது பழைய வண்டிதானே? ரிவர்ஸ்ல போனா எண் என்ன ஆகும்?"

"பழைய வண்டியில... குறையும் பாஷா."

"ஆங்! இதுக்குப் போயா இவ்வளவு நேரம்? நீங்க எழுபத்திரெண்டாயிரம் கிலோமீட்டர் ரிவர்ஸ்ல போயிருக்கீங்க."

"ஒரே வருஷத்துலயா?"

"எதுக்குப் போனீங்கன்னு நாங்க கேக்கல. அது உங்க சொந்த விஷயம்."

மேடம் நவால் கீரையைத் தள்ளிவச்சுட்டு ஒரு படிவத்தை எடுத்தாங்க. 'மேற்படி வாகனம் கடந்த ஆண்டு முழுவதும் பின்னோக்கியே இயக்கப்பட்டது என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.' ஷவ்கத் யுஸ்ராவை நெனச்சுக்கிட்டு, வாழ்க்கையில முதல் பொய்யில கையெழுத்துப் போட்டாரு.

"சரி, அடுத்தது வேகப் பரிசோதனை. முற்றத்துல ஓட்டிக் காட்டுங்க"ன்னாரு ஃபத்ஹுல்லா.

"முடியாது பாஷா"ன்னாங்க மேடம். "பழைய லைசென்ஸை இப்பத்தான் நான் வாங்கி ரத்து பண்ணினேன். லைசென்ஸ் இல்லாத வண்டியை ஓட்டக்கூடாது."

"பரிசோதனை பண்ணாம புதுசு குடுக்கமுடியாதே."

"முடியாதுதான்."

ரெண்டு பேரும் ஷவ்கத்தைப் பாத்தாங்க, ஏதோ அவருதான் இந்தச் சட்டத்தைப் போட்டவரு மாதிரி. ஃபத்ஹுல்லா டீயைக் குடிச்சு முடிச்சாரு. அப்புறம் முற்றத்துக்கு வந்து, நின்னுக்கிட்டிருந்த வண்டிக்குள்ள தலையை விட்டுப் பாத்தாரு.

"வண்டி ஓடுதா?"

"இல்ல பாஷா."

"முள்ளு என்ன காட்டுது?"

"பூஜ்யம்."

"அப்புறமென்ன? துல்லியமா காட்டுது. எழுதுங்க மேடம்: வேகமானி மிகச் சரியாக உள்ளது."

அரசாங்கக் கழுகு முத்திரை வச்சிருக்கிறவரு தொழுகைக்குப் போய், அப்படியே சாப்பாட்டுக்கும் போயி, ஒருவழியா மறுநாள் மத்தியானம் வந்தாரு. ஷவ்கத் புது லைசென்ஸைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் படிச்சாரு.

"மேடம், இங்க 'இயங்கும் திசை: பின்னோக்கி'ன்னு இருக்கே?"

"நீங்கதானே எழுதிக்குடுத்தீங்க? முன்னோக்கின்னு மாத்தணும்னா தனி விண்ணப்பம். நாப்பத்தஞ்சு நாள். மப்ரூக், பொண்ணுக்கு எங்க வாழ்த்தையும் சொல்லுங்க."

வியாழக்கிழமை சாயங்காலம் யுஸ்ரா வெள்ளைக் கவுனோட ஏறி உக்காந்தா. பின்னால இருபது வண்டி, அதுல ஒண்ணுல மாப்பிள்ளை, ஒண்ணுல மேளம். கடற்கரை ரோட்டுல சோதனைச் சாவடி. அங்க நின்ன அதிகாரி லைசென்ஸை ரெண்டு தடவை படிச்சாரு.

"டாக்டர், முன்னால போறீங்களே?"

"மண்டபம் முன்னாலதானே இருக்கு பாஷா."

"மண்டபத்தை நான் குறை சொல்லல. திசைதான் தப்பு. வண்டியை ஓரங்கட்டுங்க."

ஷவ்கத்துக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. யுஸ்ரா அவரு கையைத் தட்டினா.

"பாபா, வண்டியைத் திருப்பி ரிவர்ஸ் போடுங்க. மண்டபம் எங்கயும் ஓடிப்போகாது."

மூணு கிலோமீட்டர், கழுத்தைத் திருப்பிக்கிட்டே, பின்பக்கமா ஓட்டினாரு ஷவ்கத். அப்பத்தான் எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரிஞ்சுச்சு: வழக்கமா பின்னால வர்றவங்களுக்குப் பொண்ணோட பின்தலைதான் தெரியும். இன்னிக்கு முகமே தெரியுது! வீடியோக்காரன் குதிச்சான். பொம்பளைங்க குலவை போட்டாங்க. "டாக்டர் புதுசா ஒண்ணு கொண்டுவந்துட்டாரு!"ன்னு பழைய கார் சங்கமே கைதட்டுச்சு.

அடுத்த வியாழக்கிழமை ஆறு கல்யாணம் ரிவர்ஸ்ல போச்சு. அதுக்கடுத்த வாரம் நாப்பது. முன்பக்கமா வந்த ஒரு மாப்பிள்ளையைப் பாத்து, "பாவம், வசதியில்லாத குடும்பம்போல"ன்னு சனங்க பேசிக்கிட்டாங்க. பழைய கார் சங்கத்துக்காரங்க கல்யாணம் இல்லாமலேயே ரிவர்ஸ்ல போக ஆரம்பிச்சாங்க. பழைய வண்டி விக்கிறவங்க, எண் குறையுதுன்னு காலையிலயும் சாயங்காலமும் போனாங்க. அலுவலகத்துல 'பின்னோக்கு இயக்க அனுமதி'க்கு மேடம் நவால் தனி ஜன்னலே திறந்தாங்க. அப்புறம் ஒருநாள், 'பொதுமக்களின் ஏகோபித்த விருப்பத்திற்கிணங்க' கடற்கரை ரோடு முழுக்க ரிவர்ஸ்ல மட்டும்தான் போகணும்னு சுற்றறிக்கை வந்துச்சு.

பழைய வண்டியில ரிவர்ஸ்ல போறப்ப முள்ளு பூஜ்யத்தை விட்டு நகராது. பழைய கார் சங்கத்துக்காரங்க அதைக் காட்டி வேக அபராதத்துல இருந்து தப்பிச்சதும், புது வண்டிக்காரங்களும் சுப்ஹிகிட்ட வந்து மீட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டுட்டுப் போனாங்க. அந்த வருஷ அறிக்கையில, 'நகரில் வேகவரம்பை மீறிய வாகனம் ஒன்றுகூட இல்லை'ன்னு போட்டு, ஃபத்ஹுல்லா பாஷாவுக்குப் பதக்கம் குடுத்தாங்க.

நாப்பத்தஞ்சு நாள்னு சொன்னது எட்டு மாசமாச்சு. ஷவ்கத் கையில 'முன்னோக்கி'ன்னு கழுகு முத்திரையோட லைசென்ஸ் வந்துச்சு. சந்தோஷத்துல நேரா கடற்கரை ரோட்டுக்கு வண்டியை விட்டாரு. முள்ளு அறுபத்தஞ்சு. இந்தத் தடவை இவருதான் டிராமைத் தாண்டினாரு. எதுக்க வர்றது மாதிரி எல்லா வண்டியோட மூஞ்சியும் தெரிஞ்சுது, ஆனா எல்லாம் இவரு போற பக்கமே போய்க்கிட்டிருந்துச்சு. எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க. அதே அதிகாரி கைகாட்டி நிறுத்தினாரு.

"திசைக்கு எங்கிட்ட முத்திரை இருக்கு பாஷா!"

"திசைக்கு இல்ல டாக்டர். அதி வேகம். இங்க அறுபதுதான்."

"பக்கத்துல இருக்கிறவங்க எண்பதுல ரிவர்ஸ்ல போறாங்களே?"

"அவங்க முள்ளு பூஜ்யத்துல இருக்கு. இந்த ஊர்லயே முள்ளு அசையுற வண்டி உங்களோடது ஒண்ணுதான்."

"என் முள்ளு காட்டுறது சரின்னு எப்படி நம்புறீங்க?"

அதிகாரி லைசென்ஸைத் திருப்பிக் காட்டினாரு. "வேகமானி மிகச் சரியாக உள்ளது. நாங்களே குத்தின முத்திரை டாக்டர்."

ஷவ்கத் அந்த முத்திரையைப் பாத்தாரு. அப்புறம் பெருமூச்சு விட்டு வண்டியைத் திருப்பினாரு, ரிவர்ஸ் போட்டாரு, முடிஞ்சவரைக்கும் அழுத்தினாரு. முள்ளு பூஜ்யத்துல போய் ஒட்டிக்கிச்சு.

அதிகாரி நிமிர்ந்து நின்னு சல்யூட் அடிச்சாரு.